மளிகைக் கடையும் இனிஷியலும்

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸ்ல கேட்டிருந்தார். "டாக்டர், பாஸ்போர்ட் விண்ணப்பத்துல 'சர்நேம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன போடறது?"

இதை ஏன் ஒரு டாக்டர்கிட்ட கேக்கறார்னு முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தா, சரியான ஆள்கிட்டதான் கேட்டிருக்கார். பேருக்கு முன்னாடி இருக்கற ஒத்தை எழுத்தை நம்பி ஒரு அம்மாவோட உயிர்ல விளையாடினவன் நான். அதனால இன்னைக்கு சுகர், பிரஷர் வகுப்புக்கு லீவு. பேரைப் பத்தி ஒரு நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

படிப்பு முடிச்ச புதுசு. ஒரு ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி. ஊர் பேரும் வேணாம், ஆஸ்பத்திரி பேரும் வேணாம். நைட் டியூட்டி. பெண்கள் வார்டுல ரெண்டு கே. செல்வி (பேரை மாத்தியிருக்கேன்). ரெண்டு பேருக்கும் ஐம்பத்தஞ்சு வயசு ஒட்டி இருக்கும். ஒருத்தர் காய்ச்சல்னு சேர்ந்தவர், ரெண்டு நாளா சரியான சாப்பாடு இல்லை. இன்னொருத்தர் கால் புண்ணோட வந்த சர்க்கரை நோயாளி. லேப்ல இருந்து ஒரு ரிப்போர்ட் வருது. கே. செல்வி, சுகர் 386.

அது காய்ச்சல் செல்வியோட கேஸ் ஷீட்ல செருகப்பட்டிருந்துச்சு. நான் அந்தக் கட்டிலுக்குப் போய்க் கேட்டேன்.

"கே. செல்விதானேம்மா?"

"ஆமாங்க சார்."

"வீட்டுக்காரர் பேரு?"

அந்தம்மா சிரிச்சுக்கிட்டே முந்தானையால வாயை மூடிக்கிட்டாங்க.

உங்கள்ல பலருக்கு இது புரியும். இந்தத் தலைமுறைப் பிள்ளைங்களுக்குப் புரியாம இருக்கலாம். எங்க பக்கம் அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. சொன்னா அவர் ஆயுசு குறையும்னு ஒரு பயம். மாமனார் பேரும் அப்படித்தான். கூட வந்தவங்களைச் சொல்லச் சொல்லுவாங்க, இல்லேன்னா விடுகதை மாதிரி ஏதாவது ஜாடை சொல்லுவாங்க. அன்னைக்குக் கூட யாரும் இல்லை. எனக்கோ அவசரம். பேரு சரி, இனிஷியல் சரி, வயசும் சரி. பத்து யூனிட் இன்சுலின் எழுதிட்டுப் போயிட்டேன்.

ஒன்றரை மணி நேரத்துல சிஸ்டர் ஓடி வந்தாங்க. அந்தம்மா தொப்பலா வேர்த்து, நாக்கு குழறி, கேக்கற கேள்விக்கு வேற எதையோ சொல்லிக்கிட்டிருக்காங்க. விரல்ல குத்திப் பாத்தா சுகர் 38. நரம்புல க்ளூக்கோஸை ஏத்தி, டிரிப் போட்டு, கட்டில் பக்கத்துலயே நின்னேன். கண்ணு தெளிஞ்சு "என்ன சார் ஆச்சு?"ன்னு கேட்டாங்க. விடிய விடிய மணிக்கொரு தடவை விரல்ல குத்திக்கிட்டே இருந்தேன். இன்சுலின் தேவைப்பட்ட இன்னொரு செல்வி காலை வரைக்கும் சும்மா படுத்திருந்தாங்க.

காலையில அந்தம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். தப்பு என்னோடதும்மான்னு சொன்னேன். அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு. "நீங்க கேட்டீங்க சார். நான்தான் வாய் தொறந்து சொல்லல."

அவங்க பெருந்தன்மைக்காக இதை எழுதல. அந்தம்மா சொல்லக் கூடாதுன்னு நினைச்ச அதே பேரோட முதல் எழுத்தைத்தான் எல்லாக் காகிதத்துலயும் தன் பேருக்கு முன்னாடி சுமந்துக்கிட்டிருந்தாங்க. 'கே' அவங்க வீட்டுக்காரரோடது. இன்னொரு செல்வியோட 'கே' அவங்க அப்பாவோடது. ஒருத்தர் கா., இன்னொருத்தர் கு. தமிழ்ல எழுதியிருந்தா ரெண்டும் ஒண்ணு கிடையாது. க, கா, கி, கீன்னு தொடங்கி கௌ வரைக்கும் பன்னிரண்டு எழுத்தையும் இங்கிலீஷ்ல ஒரே 'கே'வுக்குள்ள போட்டு மூடிட்டோம்.

அந்த வாரம் லீவுல ஊருக்குப் போனேன். சிதம்பரம் பக்கம் கீரப்பாளையம். ஒன்றிய அலுவலகம் இருக்கற ஊர், சுத்தி வயக்காடு. அப்பாவுக்கு அங்க ஒரு மளிகைக் கடை. போர்டு கிடையாது. வாசல்ல ஒரு வேப்பமரம் இருந்ததால வேப்பமரத்துக் கடை. மரம் புயல்ல விழுந்து வருஷமாகியும் அதே பேருதான்.

ராத்திரி கடை சாத்தற நேரத்துல நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டல. கல்லாப்பெட்டிக்குக் கீழ இருந்த கடன் நோட்டை எடுத்து முன்னாடி போட்டார். "இதுல பன்னெண்டு செல்வி இருக்காங்கடா. ஒருத்தி பாக்கியை இன்னொருத்தி தலையில நான் எழுதினதே கிடையாது."

புரட்டிப் பாத்தேன். டெய்லர் வீட்டு செல்வி. வாய்க்கா ஓரத்து செல்வி. டீச்சரம்மா மருமக செல்வி. பல்லு எடுத்த செல்வி. ஒரு இனிஷியல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில அஞ்சரை வருஷம் படிச்சவன் செஞ்ச தப்பை, எட்டாவது படிச்ச மளிகைக்காரர் நாற்பது வருஷமா செய்யல. அவருக்குத் தப்பு நடந்தா காசு போகும்; அதனால ஜாக்கிரதையா இருந்தார்னு அன்னைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். எனக்குத் தப்பு நடந்தா என்ன போகும்னு அப்புறம்தான் உறைச்சது.

சரி, அந்தத் தம்பியோட கேள்விக்கு வர்றேன். நம்மகிட்ட ஏன் சர்நேம் இல்லை?

இருந்துச்சு. பேருக்குப் பின்னாடி சாதி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. 1929-ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்தை விட்டுடணும்னு தீர்மானம் போட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா அது ஊர் வழக்கமாவே ஆச்சு. வால் போச்சு, தலையில ஒரு எழுத்து மட்டும் மிச்சம். இந்தியாவுல வேற எங்கயும் இந்த அளவுக்கு நடக்கல. இதை நான் பெருமையாத்தான் சொல்றேன், 386 ரிப்போர்ட்டுக்கு அப்புறமும்.

அதோட மதிப்பு மேல்படிப்புக்கு வடக்க போனப்பதான் தெரிஞ்சது. போன முதல் நாளே "சர்நேம் என்ன?"ன்னு கேட்டாங்க. பேரு சரியா பதிவாகணும்னு கேக்கறாங்கன்னு நினைச்சேன். ரெண்டு மாசத்துல புரிஞ்சது, அந்தக் கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி இருக்கு. நீ யாரு, எந்த ஆளுங்க, எங்க உக்கார வைக்கணும். நான் அப்பா பேரை எழுதிக் குடுத்தேன். அவ்வளவு நீளப் பேரு அவங்க வாயில நுழையல. பாதியா வெட்டி 'டாக்டர் பெருமாள்' ஆக்கிட்டாங்க. கோட்டுல பேட்ஜ், கதவுல பலகை, எல்லாம் டாக்டர் பெருமாள். ஃபோன்ல அப்பாகிட்ட சொன்னேன், உங்க பாதிப் பேரை வெச்சுத்தான் என்னைக் கூப்பிடறாங்கன்னு.

"எந்தப் பாதி?"

"சாமி பாதிப்பா."

"அப்ப இருக்கட்டும்."

இன்னொரு கூத்து. எந்த ஊர்னு கேட்டா சிதம்பரம்னு சொல்லுவேன். "ஓ, மந்திரி சிதம்பரம் குடும்பமா?"ன்னு ஒரு புரொபசர் எழுந்தே நின்னுட்டார். எங்க ஊர் பேரு டெல்லியில ஒரு குடும்பப் பேரு ஆயிடுச்சு. ப. சிதம்பரத்துக்கு அது அவரோட சொந்தப் பேரு. அவர் பையன் கார்த்தி சிதம்பரத்துக்கு அது அப்பா பேரு. சேப்பாக்கம் ஸ்டேடியத்துல இருக்கற எம்.ஏ. சிதம்பரம் வேற ஒருத்தர், இவருக்குத் தாய்மாமன். அந்தச் சிதம்பரத்தோட அப்பாதான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். 1929-ல எங்க ஊர் பக்கத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினவர். அதே வருஷம் செங்கல்பட்டுல பேரை வெட்டிக்கிட்டிருந்தாங்கன்னு யோசிக்கறப்ப வேடிக்கையா இருக்கு. இத்தனையையும் அந்த புரொபசருக்கு எப்படி விளக்கறது? "இல்ல சார், அது நடராஜர் இருக்கற ஊர்"னு சொல்லி முடிச்சுக்கிட்டேன்.

வடக்க இருந்தப்ப இன்னொண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். இதைச் சொன்னதும் அப்பா ரொம்ப நேரம் சிரிச்சார். 'காந்தி'ன்னா குஜராத்தியில மளிகைக்காரர். வாசனைப் பொருள், மருந்துச் சரக்கு விக்கறவரையும் அப்படிச் சொல்லுவாங்க. தன் முன்னோர் மளிகை வியாபாரிகளா இருந்திருக்கணும்னு மகாத்மாவே தன் சுயசரிதையைத் தொடங்கறார். 'மோடி'ங்கற சொல்லுக்கும் மளிகைக்காரர்ங்கற பொருள்தான். வங்காளத்துல மளிகைக் கடையை இன்னைக்கும் 'முதி தொகான்'னு சொல்றாங்க. ஆக, இந்த நாட்டு அரசியல்ல எதிரெதிரா நிக்கற ரெண்டு பெரிய பேருக்கும் அர்த்தம் ஒண்ணுதான்: எங்க அப்பா செஞ்ச தொழில்.

அதுக்காக அந்தக் குடும்பங்கள் பருப்பு நிறுத்துக்கிட்டிருந்தாங்கன்னு அர்த்தமில்லை. மகாத்மாவோட அப்பா திவான். இந்திராவுக்கு 'காந்தி' வந்தது பார்சி குடும்பத்துல பிறந்த பெரோஸ் காந்தியைக் கல்யாணம் பண்ணினதால; மகாத்மாவுக்கும் பெரோஸுக்கும் உறவே கிடையாது. தொழில் போய் எத்தனையோ தலைமுறை ஆகியும் பேரு மட்டும் நிக்குது. நேரு இன்னும் வேடிக்கை. காஷ்மீர்ல இருந்து டெல்லிக்கு வந்த கௌல் குடும்பத்தோட வீடு ஒரு கால்வாய்க் கரையில இருந்துச்சாம். கால்வாய்க்கு 'நஹர்'. அதுல இருந்து நேரு. வீராணம் தண்ணி ஓடற வாய்க்கால் கரையில எத்தனை ஊர் எங்ககிட்ட இருக்கு! யாருக்கும் நேருன்னு பேரு வரல. 'வாய்க்கா ஓரத்து செல்வி'ன்னு எங்க அப்பா நோட்டுல ஒருத்தர் இருக்காங்க. அவ்வளவுதான். அதுவும் அவங்களோடவே முடிஞ்சிடும், அவங்க பொண்ணுக்குப் போகாது.

சர்நேம் என்ன பாடு படுத்தும்னு நாடே பாத்துச்சு. 2019 தேர்தல் நேரத்துல கோலார்ல ராகுல் காந்தி மோடிங்கற சர்நேமைப் பத்தி ஒரு பேச்சு பேசினார். குஜராத்ல ஒருத்தர் அவதூறு வழக்குப் போட்டார். 2023 மார்ச்ல சூரத் நீதிமன்றம் ரெண்டு வருஷம் தண்டனை குடுத்துச்சு, எம்.பி. பதவி போச்சு. ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தண்டனையை நிறுத்தி வெச்சதும் பதவி திரும்ப வந்துச்சு. யார் பக்கம் நியாயம்ங்கற சண்டையைக் கமென்ட்ல போடாதீங்க, அது என் விஷயமே இல்லை. கிளினிக்ல டிவியில இந்தச் செய்தி ஓடினப்ப ஒரு பெரியவர் என்கிட்ட கேட்டார்: "ஏங்க, மோடின்னா அவர் பேரு இல்லையா? அவர் மாதிரி நிறைய பேர் இருக்காங்களா?" அவருக்கு சர்நேம்ங்கற விஷயமே புரியல. நம்ம ஊர்ல ஒரு பேருன்னா ஒரு ஆள்.

இப்ப நம்ம பக்கத்துக்கு வருவோம். பரம்பரைப் பேரு இல்லாத ஊர்ல, கடைக்கும் கட்சிக்கும் பேரு எங்க இருந்து வரும்?

கடைங்க இனிஷியலையே பேரா மாத்திக்கிச்சு. டி.வி.எஸ்.னா டி.வி. சுந்தரம் அய்யங்கார். விஜிபின்னா வி.ஜி. பன்னீர்தாஸ். திருநெல்வேலியில தொடங்கின ஆர்.எம்.கே.வி.யும் அப்படித்தான். அப்பா, தாத்தாவோட முதல் எழுத்துங்க சேர்ந்து விளம்பரப் பலகையில ஒளிவிளக்கா எரியுது. அதுக்குள்ள ஒரு அப்பா இருக்கார்னு ஜவுளி எடுக்கப் போறவங்களுக்குத் தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் குமரி மாவட்டத்துல இருக்கு. அகஸ்தீஸ்வரத்துல ஒரு குடும்பம். அப்பா ஹரிகிருஷ்ணன். மூத்தவர்கள்ல ஒருத்தர் குமரி அனந்தன், காங்கிரஸ்காரர், 1977-ல நாகர்கோவில் எம்.பி.; நாடாளுமன்றத்துல தமிழ்ல பேசறதுக்கும் கேள்வி கேக்கறதுக்கும் போராடினவர். அவர் தன் பேருக்கு முன்னாடி வெச்சுக்கிட்டது மண்ணோட பேரு. தம்பி எச். வசந்தகுமார். விஜிபியில சேல்ஸ்மேனா இருந்துட்டு 1978-ல வசந்த் அண்ட் கோ தொடங்கினார். ஃபேன், மிக்சி, டிவி விக்கற கடை. பேப்பர் விளம்பரத்துல வெள்ளைச் சட்டையோட சிரிச்சுக்கிட்டு அவரே நிப்பார். சினிமா நடிகரைத் தேட மாட்டார். எங்க ஊர் டீக்கடையில அந்தப் படத்தைப் பாத்துட்டு "வசந்த் அண்ட் கோ சிரிக்கறார் பாரு"ன்னு சொல்லுவாங்க. ஆளும் கடையும் ஒண்ணாயிட்டாங்க.

2006-லயும் 2016-லயும் நாங்குநேரி எம்.எல்.ஏ., 2019-ல கன்னியாகுமரி எம்.பி. 2020 ஆகஸ்ட் 28, கொரோனாவுல போனார். அந்த வருஷம் வார்டுல நின்ன எந்த டாக்டருக்கும் அந்த மாசத்துச் சாவுச் செய்திகள் மறக்காது. எழுபது வயசு, எம்.பி., வசதிக்குக் குறைவில்லாதவர், அப்படியும் காப்பாத்த முடியல. அடுத்த வருஷம் இடைத்தேர்தல்ல ஜெயிச்சது அவர் பையன். பேரு விஜய் வசந்த். இந்த 'வசந்த்' என்னது? அப்பா பேரோட பாதியா, கடைப் பலகையா? ரெண்டும்தான். எங்க அப்பா பேரை வடக்க பாதியா வெட்டினாங்க. வசந்தகுமார் தன் பேரைத் தானே பாதியா வெட்டிக் கடைக்கு வெச்சார், அது பையனுக்குக் குடும்பப் பேராச்சு.

குமரி அனந்தனோட மகள் தமிழிசை சௌந்தரராஜன். மகப்பேறு டாக்டர், எங்க தொழில். அவர் போனது பாஜக. சித்தப்பா காங்கிரஸ் எம்.பி.யா இறந்தப்ப இவர் தெலங்கானா ஆளுநர். 'சௌந்தரராஜன்' கணவர் பேரு, அவரும் டாக்டர். குமரி அனந்தன், எச். வசந்தகுமார், தமிழிசை சௌந்தரராஜன், விஜய் வசந்த். ஒரே வீட்டுல நாலு அரசியல்வாதிங்க. வாக்காளர் பட்டியல்ல பேரை மட்டும் பாத்தா நாலு பேரும் யாரோ எவரோ. ஒருத்தருக்கு ஊரு, ஒருத்தருக்கு அப்பாவோட ஒத்தை எழுத்து, ஒருத்தருக்குப் புருஷன் பேரு, ஒருத்தருக்குக் கடை. பீகார்லயோ பஞ்சாப்லயோ நாலு பேருக்கும் ஒரே வால் இருந்திருக்கும்.

ஆனா ஒண்ணை கவனிங்க. வாலை வெட்டின ஊர்ல வால் திரும்ப முளைக்குது. வையாபுரி கோபால்சாமி வை.கோ. ஆனார், வைகோன்னு ஒரே சொல்லாச்சு. இப்ப அவர் பையன் துரை வைகோ, 2024-ல இருந்து திருச்சி எம்.பி. இனிஷியல் பேராகி, பேரு சர்நேம் ஆயிடுச்சு. மு.க. ஸ்டாலின்ல 'க' கருணாநிதி. உதயநிதிக்கு வந்தப்ப ஸ்டாலின் பின்னாடி போயிடுச்சு. ரஷ்யாவை ஆண்ட ஜார்ஜியாக்காரர் ஒருத்தர் தனக்கு வெச்சுக்கிட்ட புனைபேரு, 1953-ல சென்னையில ஒரு குழந்தைக்குப் பேராகி, இன்னைக்குக் குடும்பப் பேரா நிக்குது. எங்க சிதம்பரம் தொகுதி எம்.பி. திருமாவளவன் எதிர்த்திசையில போனார். அப்பா ராமசாமியோட பேரையே தொல்காப்பியன்னு மாத்தி, அதுல இருந்து 'தொல்.' எடுத்துக்கிட்டார். பிள்ளைக்கு அப்பா பேரு வெக்கறதைப் பாத்திருக்கோம். அப்பாவுக்குப் பிள்ளை பேரு வெச்சது எங்க தொகுதியில.

வாரிசு அரசியல் நல்லதா கெட்டதான்னு கேட்டா எனக்குப் பிடிக்காதுன்னுதான் சொல்லுவேன். ஆனா மளிகைக் கடையைத் தம்பி எடுத்து நடத்தறப்ப "குடும்பத் தொழிலைக் காப்பாத்தறான்"னு நானே பெருமைப்படறேன். ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு தெரியும். எங்க அப்பா கடைக்கு ஊர்க்காரங்க ஓட்டுப் போடல, வரியும் கட்டல. இருந்தாலும் நாக்கு ஒரு நொடி தயங்குது.

பேருக்குன்னே ஒரு விலை இருக்குங்கறதுக்கு இங்கிலாந்துல ஒரு கதை. டபிள்யூ.எச். ஸ்மித்னு ரயில்வே ஸ்டேஷன்ல பேப்பர், புத்தகம் வித்த கடை. அந்தக் குடும்பத்து டபிள்யூ.எச். ஸ்மித் 1868-ல எம்.பி. ஆனார், 1877-ல கடற்படைக்கே மந்திரி. கப்பலைத் தெரியாத கடைக்காரர்னு நாடகத்துலயே கிண்டல் பண்ணினாங்க. 2025-ல அந்த நிறுவனம் கடைத்தெருக் கடைகளை மட்டும் வித்துச்சு, பேரைக் குடுக்கல. வாங்கினவங்க புதுசா வெச்ச பேரு டி.ஜி. ஜோன்ஸ். அப்படி ஒரு நிறுவனர் கிடையவே கிடையாது. ஜோன்ஸ்ங்கறது அங்க நம்ம செல்வி, முருகன் மாதிரி. ரெண்டு இனிஷியலோட ஒரு பேரு இருந்தா குடும்பக் கடைன்னு ஜனங்க நம்புவாங்கன்னு இல்லாத அப்பாவுக்கு இனிஷியல் போட்டிருக்காங்க.

திரும்ப ஆஸ்பத்திரிக்கு வர்றேன், ஏன்னா நஷ்டம் இங்கதான். பெரிய மனுஷங்களுக்குப் பேரு மாறினா செய்தி. சாதாரணப் பொம்பளைக்கு இனிஷியல் மாறினா அலைச்சல். ஆதார்ல அப்பா இனிஷியல், ரேஷன் கார்டுல வீட்டுக்காரர் இனிஷியல். ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல எழுதினா, "பேரு ஒத்துப் போகல"ன்னு நிக்கும். ரெண்டும் ஒரே ஆள்தான்னு சான்றிதழ் வாங்க, வலியோட கிழவி ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கணும். ஆம்பளைக்கு இந்தப் பிரச்சினை வந்து நான் பாத்தது ரொம்பக் குறைவு.

2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு, பள்ளி கல்லூரிப் பதிவுகள்ல இனிஷியலையும் கையெழுத்தையும் தமிழ்லயே எழுதணும்னு ஆணை போட்டப்ப, நண்பர்கள் சிலர் மொழி வெறின்னு சிரிச்சாங்க. நான் சிரிக்கல. கா., கு. வித்தியாசம் எனக்குத் தெரியும்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் கொஞ்ச நாள் அப்பா முறையைக் கையில எடுத்தேன். யார் வந்தாலும் "யார் வீட்டும்மா?"ன்னு கேப்பேன். ஒரு தடவை ஒரு காலேஜ் பொண்ணு வந்துச்சு. நான் கேட்டதும் அது முகம் அப்படியே இறுகிப் போச்சு. "எதுக்கு சார் கேக்கறீங்க?"

எங்க பக்கத்து ஊர்கள்ல தெரு பேரைச் சொன்னா சாதியைச் சொன்ன மாதிரி. டெல்லியில சர்நேம் கேட்டப்ப எனக்கு எரிஞ்சதே, அதே நெருப்பை நான் கோட்டு போட்டுக்கிட்டு அந்தப் பொண்ணு மேல வெச்சிருக்கேன். அப்பா நோட்டும் அப்பாவி நோட்டு இல்லைன்னு அப்பதான் புரிஞ்சது. அது ஊர் தெரிஞ்சவர் எழுதின நோட்டு. ஊர் யாரை எங்க வெச்சிருந்துச்சோ, அவரும் அங்கதான் எழுதியிருந்தார்.

இப்ப கேக்கறது இதுதான்: முழுப் பேரு, பிறந்த தேதி, ஃபோன் நம்பரோட கடைசி நாலு எண். எந்த ஆஸ்பத்திரியிலயும் ரெண்டு அடையாளமாவது சரிபாக்கணும்ங்கறது விதி. நீங்களும் சும்மா இருக்காதீங்க. "செல்விதானே?"ன்னு கேட்டா "ஆமா"ன்னு தலையாட்டாதீங்க, உங்க பேரையும் பிறந்த தேதியையும் நீங்களே சொல்லுங்க. கையில கட்டற பட்டையைப் படிச்சுப் பாருங்க. ஊசி போடறதுக்கு முன்னாடி யாருக்கு, எதுக்குன்னு கேளுங்க. கோவிச்சுக்கற டாக்டர் கோவிச்சுக்கட்டும்.

தம்பி, உங்க பாஸ்போர்ட்டுக்கு: ஆதார்ல, மார்க்ஷீட்ல எப்படி விரிச்சு எழுதியிருக்கோ அப்படியே எல்லாத்துலயும் ஒரே மாதிரி எழுதுங்க. அப்பா பேரை சர்நேம் கட்டத்துல போட்டா வெளிநாட்டுல உங்களை அந்தப் பேர்லதான் கூப்பிடுவாங்க. எனக்கு அது கெட்டதா தோணல.

அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. கடையைத் தம்பி பாத்துக்கறான். உணவுப் பாதுகாப்பு லைசென்ஸுக்குக் கடைப் பேரு வேணும்னு கேட்டாங்களாம், வேப்பமரம்னு போடலாம்னா மரம் இல்லை. அப்பா பேரையே வெச்சுட்டான். போன ஞாயித்துக்கிழமை போர்டு எழுத பெயிண்டர் வந்திருந்தார். தம்பி எனக்கு ஃபோன் பண்ணினான்.

"அண்ணே, அப்பா இனிஷியல் தமிழ்ல என்னண்ணே? ஆதார்லயும் பத்திரத்துலயும் இங்கிலீஷ் 'ஏ'தான் இருக்கு. 'அ'வா, 'ஆ'வா?"

எனக்குத் தெரியல. தாத்தாவை நாங்க பாத்ததில்லை. வீட்டுல தாத்தான்னுதான் பேச்சு. அப்பாவோட இறப்புச் சான்றுக்கு எழுதிக் குடுத்தப்பகூட ஆதார்ல இருந்த 'ஏ'வைப் பாத்துத்தான் எழுதினோம். ரெண்டே தலைமுறை, பேரு கையை விட்டுப் போயிடுச்சு. அம்மாகிட்ட ஃபோனைக் குடுடான்னேன்.

"அம்மா, தாத்தா பேரு என்னம்மா?"

"மாமா பேரை நான் எப்படிடா சொல்றது?"

"அவரு போய் அம்பது வருஷம் ஆச்சேம்மா."

"அதுக்கு?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "முருகனுக்கு எத்தனை முகம்டா?"

பக்கத்துல இருந்த தம்பி சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. பெயிண்டர் குரலும் கேட்டுச்சு: "சார், வெறும் அ-வா, சுழி போட்ட ஆ-வா?"

"சுழி போட்டதுங்க"ன்னு அம்மா சொன்னாங்க.